இரண்டு போல்ட் ரைஃபிளில் ஒன்றை விட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கூக்கல்தொரைக்காரன்:

வீட்டில் மூன்று இருந்தன, சட்டம் இரண்டு போதும் என்றது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான், மிச்சத்தை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துக்கு 12 போர் ஷாட்கன் வேண்டும், அதை விட முடியாது. மிச்சம் இரண்டு ரைஃபிள்: தாத்தாவின் .275 ரிக்பி, அப்பா 1971இல் வாங்கிய .315. இதில் ஒன்று போக வேண்டும்.

.315ஐ வைத்துக்கொண்டேன். முதல் காரணம் தோட்டா. .315க்கு நம் ஆர்டனன்ஸ் ஃபேக்டரித் தோட்டா இருக்கிறது. .275 என்பது 7×57 மவுசர், வெளிநாட்டுச் சரக்கு வந்தால்தான் உண்டு. வீட்டில் ஐந்தே ஐந்து இருந்தன, சிகரெட் டப்பாவில். இன்னொரு காரணம், .315 அப்பாவின் துப்பாக்கி. "இது என்னுது, அது உங்க தாத்தாவோடது" என்று கடைசிவரை பிரித்துத்தான் பேசுவார்.

2020 டிசம்பரில், கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ரிக்பியைக் கோயமுத்தூரில் துப்பாக்கி டீலரிடம் கொண்டுபோனேன். கையெழுத்தெல்லாம் போட்டாகிவிட்டது. அவர் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் உலோகத் தண்டை, கழற்றி நம்பர் பார்த்தார், திருப்பி மாட்டினார், துணியால் ஸ்டாக்கை, அந்த மரக்கட்டையை, துடைத்துச் சாய்த்து வைத்தார். கன்னம் பதியும் இடத்தில் பாலிஷ் போய் மரம் கறுத்து வழுவழுவென்று இருந்தது. இடப்பக்கம் லேசாக. வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு.

எங்கள் குடும்பத்தில் இடது கைக்காரர் அப்பா ஒருவர்தான். ஸ்டாக்கின் வலப்பக்கம் கன்னம் வைத்துச் சுடக்கூடியவர் அவர் மட்டும்தான்.

அன்று இரவே வந்து .315ஐ எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் பாலிஷ் புதுசு போல இருக்கிறது. அப்பாவின் துப்பாக்கியைத்தான் கொடுத்துவிட்டு வந்துவிட்டேனா என்று இன்றுவரை மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

மன்னவனூர்:

தம்பி, .315ஐ வைத்துக்கொண்டது தப்பு என்றுதான் நான் சொல்வேன். 1967, எனக்கு 11 வயது. அடிபட்ட பன்றி பெரணிக்குள் நுழைந்துவிட்டது, மாமா .315ஓடு முன்னால், நான் பின்னால். பதினைந்து அடியில் வெளியே வந்தது. மாமா போல்ட்டை இழுத்துத் தள்ளினார், பாதியில் நின்றுவிட்டது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. உள்ளங்கையால் குத்துகிறார், குத்துகிறார், நகரவில்லை. அவர் கையிலிருந்து வந்த அந்தச் சத்தம்தான் எனக்கு இன்னும் கேட்கிறது, பன்றியின் உறுமல் ஞாபகத்தில் இல்லை. எங்கள் நாய் குறுக்கே விழுந்து காதைக் கவ்வியது. மாமா என் சட்டையைப் பிடித்து மேட்டில் தூக்கிப் போட்டார். நாய் பிழைக்கவில்லை.

மவுசரில், அதாவது நீங்கள் கொடுத்த ரிக்பி மாதிரியில், இது நடக்காது. 7×57 தோட்டாவுக்கு வெளியே நீட்டும் விளிம்பே கிடையாது. தோட்டா மேகசினை விட்டு எழும்போதே போல்ட்டின் நீளக் கொக்கி அதன் அடிப்பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் உள்ளே போகும்.

வெலிங்டன் ரிடையர்ட்:

மன்னவனூர் ஐயா, நாய்க்காக வருத்தம். ஆனால் குற்றம் துப்பாக்கியுடையது அல்ல, தோட்டா நிரப்பியதில்தான். .315 விளிம்புத் தோட்டா, ஆஸ்திரியாக்காரன் ராணுவத்துக்குச் செய்த பழைய 8 மி.மீ. அதை நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். அவசரத்தில் மாற்றி அழுத்தினால் மாட்டத்தான் செய்யும். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் வழி வந்த ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறி) அது. .303 விளிம்புத் தோட்டாவை வைத்துக்கொண்டே அந்த ராணுவம் இரண்டு உலகப் போரை நடத்தியது.

என் அனுபவம் சின்னது. ஒரு தேர்தல் சமயத்தில் ரைஃபிளைப் போலீஸில் ஒப்படைக்கும்போது தோல் உறையோடு கொடுத்தேன். திரும்ப வாங்கிப் பிரித்தால் பேரல் முழுக்கத் துருப்புள்ளி. உறையோடு விட்டது நான் செய்த தவறு.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், நம் மலையில் துப்பாக்கியைத் தோல் உறையில் வைக்கவே கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். பருத்தித் துணியில் எண்ணெய் தொட்டுச் சுற்றி, காற்று போகிற அலமாரியில் நிறுத்தி வையுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி என்றால் இன்னும் நல்லது. அந்தச் சிகரெட் டப்பா மாதிரிப் பழைய தோட்டா வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பழைய ப்ரைமர், அதாவது தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைக்கும் மருந்து, வெடித்தபின் பேரலில் உப்பு தங்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. முதலில் கொதிநீர் ஊற்றி, உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய். ஜூன் முதல் பனிக்காலம் வரை மாதம் ஒருமுறையாவது பேரலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைப் பாருங்கள். மரம் ஈரத்தில் ஊதினால் பேரலை ஒரு பக்கம் தள்ளும், குறி மாறும். போல்ட்டை அவரவர் ரைஃபிளோடுதான் வைக்க வேண்டும், இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் கலக்காதீர்கள். டீலர் நம்பர் பார்த்தது அதற்காகத்தான்.

குந்தா மகள்:

நான் சுட்டதே இல்லை. அப்பாவிடம் இரண்டும் இருந்தன, அதனால் எழுதுகிறேன்.

1994. முந்தின வாரம் இலை பறிக்கப் போன ஓர் அக்காவைக் காட்டெருமை முட்டியிருந்தது, அதனால் அப்பா மவுசரைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். மூடுபனி. தேயிலை வரிசை திரும்பினால் இருபது அடியில் அது நிற்கிறது, முதுகு அப்பாவின் தலைக்கு மேலே. அது எங்களைப் பார்க்கவில்லை, மேய்ந்துகொண்டிருந்தது. அப்பா கட்டைவிரலால் சேஃப்டி இறகைத் திருப்பினார். டக். அந்த ஒரு சத்தத்துக்குத் தலையை நிமிர்த்திவிட்டது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. என் கையைப் பின்பக்கமாகப் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடத்திக்கொண்டு வந்தார். சுடவில்லை, சுடவும் கூடாது. 72 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் அப்பா எதையும் சுட்டதில்லை.

அதற்கப்புறம் அவர் தோட்டத்துக்குள் .315ஐ மட்டும்தான் எடுத்துப் போனார். அதன் சேஃப்டி இடப்பக்கம் சின்ன நெம்புகோல். விரலால் பிடித்தபடி மெதுவாக இறக்கினால் சத்தமே வராது என்பார். கொக்கி, தோட்டா என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்த டக்தான்.

கோத்தகிரி மார்க்கெட் ரோடு:

கூக்கல்தொரை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். வரம்பு ஓர் ஆளுக்குத்தான். மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ லைசென்ஸ் வாங்கி ரிக்பியை அவர்களுக்கு மாற்றியிருக்கலாம். ஒரு வருஷம் டைம் இருந்ததே. 1907இல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்ததும் .275 ரிக்பிதான். அப்படிப்பட்ட பொருளைத் தோட்டா கிடைக்காது என்பதற்காகவா விடுவார்கள்? வேட்டையே இல்லாத ஊரில் தோட்டா எதற்கு?

கூக்கல்தொரைக்காரன்:

தம்பி, அந்த வருஷம் மார்ச்சிலிருந்து ஆபீஸ் எல்லாம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். என் தங்கைக்கு விண்ணப்பம் போட்டோம். கெடுவுக்குள் வரவில்லை. தோட்டா எதற்கு என்கிறீர்கள். சுட முடியாத துப்பாக்கியை ஆணியில் மாட்டி வைக்க அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், அதை நினைத்துத்தான் முடிவு செய்தேன்.

தாண்டிக்குடி காபி:

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்று கேட்கலாமா? உங்கள் அப்பா .315ஐ வாங்கியது 1971 என்றீர்கள். வனவிலங்குச் சட்டம் 1972. அப்படியானால் அதை வைத்துச் சுட அவருக்கு எத்தனை சீசன் கிடைத்திருக்கும்? பாலிஷ் எப்படித் தேயும்? சின்ன வயதில் சுடப் பழகியது வீட்டில் இருந்த ஒரே ரைஃபிளில், அதாவது தாத்தாவுடையதில். வலப்பக்கம் தேய்ந்தது அப்போதுதான் இருக்கும்.

என் மாமனாரும் இடது கைக்காரர். அவரும் மவுசரைத்தான் விரும்புவார். சேஃப்டி போல்ட்டின் பின்னால் நடுவில் நிற்கும், எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டும். .315இல் அது இடப்பக்கம் இருப்பதால் இடது கைக்காரர் ஒவ்வொரு முறையும் கையை எடுத்து வைக்க வேண்டும்.

கூக்கல்தொரைக்காரன்:

71ஐயும் 72ஐயும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். தாத்தாவின் ரைஃபிளை எடுக்க ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்ததாம். முதல் முறையாகப் பச்சைத் தேயிலை விற்ற பணம் அப்பா கைக்கே நேராக வந்த வருஷம் .315ஐ வாங்கினாராம். வாங்கிய அன்று ராத்திரி அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார் என்று அம்மா சொன்னாள்.

இப்போது அலமாரியைத் திறந்தேன். சமையலறைச் சுவர்ப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன்.