கொழுப்பு சதவீதம்: தொப்புளில் அளந்தால் 26, கொஞ்சம் மேலே அளந்தால் 22.6. எது சரி?

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் எனக்கு உள்ளூர ஒரு பயம். மூன்று மாதமாகத் தினமும் காலையில் கோட்டை அகழி ஓரம் நடக்கிறேன். எடை அசையவே இல்லை, ஆனால் பேண்ட் தளர்ந்திருக்கிறது. அதனால்தான் உடல் கொழுப்பைக் கணக்கிடலாம் என்று இறங்கினேன்.

அமெரிக்கக் கடற்படை முறையில் கழுத்து, இடுப்பு, உயரம் மூன்றும் போதும் (பெண்களுக்குப் பிட்டச் சுற்றளவும் வேண்டும்). என் கழுத்து 37 செ.மீ. தையல் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் வைத்தால் 95 வருகிறது, கணக்கு 26 சதவீதம். விலா எலும்புக்குக் கீழே ஒடுங்கிய இடத்தில் 90தான், உடனே 22.6 ஆகிவிடுகிறது. ஆண்களுக்குத் தொப்புள் மட்டம்தான் விதி என்று படித்தேன். மூச்சை விட்ட பிறகு அளப்பதா, சாதாரணமாக நின்றா? பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் குறியீடு), வயது வைத்துப் போடும் இன்னொரு கணக்கில் 25 வருகிறது. ஆனால் அதற்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாதே.

மின்சாரம் செலுத்தி அளக்கும் எடை மிஷின் வாங்கலாமா? தண்ணீர் குடித்தாலே அதில் எண் மாறும் என்கிறார்கள், பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். அப்புறம், வேலூரிலோ காட்பாடியிலோ டெக்ஸா ஸ்கேனில் (எக்ஸ்ரே மூலம் கொழுப்பு, தசை, எலும்பைப் பிரித்துக் காட்டும் ஸ்கேன்) உடல் முழுவதற்கும் கொழுப்பு அளவு எடுத்தவர்கள் இருந்தால் எங்கே, எவ்வளவு செலவானது என்று சொன்னால் பெரிய உதவி.

நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு அதை மட்டும் பார்த்தால் போதுமா?