மேடை ஏறாமல் கல்லூரியோடு ஒட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

கரூர்க்காரி:

என் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு படிக்கிறாள். காலை ஷிப்ட். ஒன்றரை மணிக்கு வகுப்பு முடிந்தால் இரண்டு மணிக்கு எங்கள் ஊர் பஸ். அதை விட்டால் ஐந்து மணிக்குத்தான் அடுத்தது. மணி அடித்ததும் ஓடிவந்துவிடுகிறாள். கல்லூரியில் வேறு என்னதான் நடக்கிறது என்று கேட்டால், "ஆடத் தெரிந்தவர்கள் ஆடுகிறார்கள், பாடத் தெரிந்தவர்கள் பாடுகிறார்கள், நான் கைதட்டுகிறேன்" என்கிறாள். நான் படித்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். கலைவிழா, விளையாட்டு இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு வேறு வழியில் கல்லூரிக்குள் கலந்தவர்கள் இருந்தால் நடந்ததை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

வரிவாசகன்:

வேதியியல் படித்தவன் நான். சென்னையில் ஓர் அரசுக் கல்லூரி. நூலகத்துக்குப் பின்னால் ஒரு வராந்தா உண்டு. பார்வையற்ற மாணவர்கள் அங்கேதான் கூடுவார்கள். தமிழ், வரலாறு, அரசியல் அறிவியல் படிப்பவர்கள். ஒரு நாள் ஆய்வக வகுப்பு ரத்தாகி அங்கே சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "தம்பி, வேலை ஒன்றும் இல்லை என்றால் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் வாசிக்கிறீர்களா?" என்று புத்தகத்தை நீட்டினார். முதுகலை வரலாறு, எனக்கு அண்ணன் வயது. அன்று தொடங்கிய வாசிப்பு என் படிப்பு முடியும்வரை நிற்கவில்லை.

சத்தமாக வாசிக்கத் தெரிந்த பலருக்குக் கேட்பவருக்காக வாசிக்கத் தெரியாது. முதலில் புத்தகத்தின் பெயர், அத்தியாயம், பக்க எண். கைப்பேசியில் பதிவு செய்யும்போது பக்கம் புரளும் ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேர்வுக்கு முந்தைய இரவு எதையும் தேடி எடுக்க முடியாது. அடைப்புக்குறி திறந்தால் சொல்ல வேண்டும், மூடினாலும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் நின்று, எந்த "ள", எந்த "ண" என்று எழுத்துக்கூட்ட வேண்டும். உணர்ச்சி பொங்க வாசிப்பது கூடவே கூடாது. "போர்க்களத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாக்கியத்தை மட்டும் கொடு" என்பார் அண்ணன்.

இப்போது கைப்பேசியே வாசித்துவிடுமே என்று கேட்பவர்களுக்கு: திரைவாசிப்பு மென்பொருள்கள் நல்லவைதான். என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள் துறைகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மென்பொருளிடம் கொடுத்தால் தமிழ் வராது, சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். ஜெராக்ஸ் எடுத்த கையெழுத்துக் குறிப்பென்றால் அதுவும் வராது.

பிறகு, அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வெழுதித் தரும் வேலைக்கு வந்தேன். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். எழுதுபவர் அந்தப் பாடத்தைப் படிப்பவராக இருக்கக்கூடாது, வகுப்பிலும் கீழே இருக்க வேண்டும் என்பதில் எங்கள் கல்லூரி கறாராக இருந்தது. இளங்கலை வேதியியல் என்பதால் நான் தேறினேன். தகுதிக் குறைவே தகுதியாக அமைந்தது என் வாழ்வில் அந்த ஒரு இடத்தில்தான்.

அக்பர் பற்றிய பத்து மதிப்பெண் கேள்வி. அண்ணன் சொல்லிக்கொண்டே போனார்: "இரண்டாம் பானிபட் போர், 1526..." என் பேனா நின்றது. 1526 பாபருடையது, இப்ராஹிம் லோடியை வென்ற முதல் போர். ஹேமுவோடு நடந்த இரண்டாவது போர் 1556. பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தது. மேற்பார்வையாளர் இரண்டடி தள்ளி நிற்கிறார். சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. இருமினால்கூட அது சைகை ஆகிவிடும். 1526 என்றே எழுதினேன். அடுத்த மூன்று கேள்விகளும் எனக்குக் காதில் ஏறவில்லை, கை மட்டும் ஓடியது. கடைசி அரை மணி நேரத்தில், "முதலிலிருந்து வாசி" என்றார். அந்த வரி வந்ததும், "நிறுத்து, 1556 என்று திருத்து" என்றார், நான்தான் தப்பாக எழுதிவிட்டது போன்ற எரிச்சலோடு. எனக்குக் கோபம் வரவில்லை, பசிதான் வந்தது. நேராக கேன்டீனுக்குப் போனோம்.

தாமிரபரணி:

இதில் எப்படிச் சேர்வது? எங்கள் கல்லூரியில் இதற்கென்று அமைப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வரிவாசகன்:

அமைப்பு இல்லாவிட்டாலும் தேவை இருக்கும். தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களிடம் விசாரித்தால் போதும், ஒரே நாளில் ஆள் தேடி வருவார்கள். ஒன்று மட்டும்: தேர்வு நாளுக்கு ஒப்புக்கொண்டுவிட்டுக் காலையில் கைப்பேசியை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. வாசலில் காத்து நின்று, ஆள் வராமல், தேர்வையே விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மெஸ் கணக்கு:

நான் விடுதிக்காரன். திருச்சிப் பக்கம் பொறியியல் கல்லூரி. எங்கள் மெஸ் டிவைடிங் முறையில் நடந்தது. அரிசி, மளிகை, காய்கறி, பால், காஸ், சமையல்காரர் சம்பளம் என்று மாதம் முழுவதும் ஆன செலவைக் கூட்டி, அத்தனை பேரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். வருவது ஒரு நாள் கட்டணம். அதை உங்கள் நாட்களால் பெருக்கினால் உங்கள் பில். இந்தக் கணக்கைப் பார்க்க மாணவர் குழு உண்டு. யாரும் விரும்பி நிற்பதில்லை. சாம்பாரை அதிகம் திட்டியவனைப் பிடித்துப் போடுவார்கள். என்னையும் அப்படித்தான் பிடித்தார்கள்.

விடியற்காலையில் சமையல் மாஸ்டரோடு காந்தி மார்க்கெட்டுக்குப் போவோம். தக்காளிப் பெட்டியின் மேல் வரிசையைப் பார்த்து விலை பேசுகிறவன் ஏமாறுவான். மாஸ்டர் கையை அடிவரை விட்டு ஒரு பழத்தை எடுத்துப் பார்ப்பார். வெங்காய மூட்டையைப் பிரிக்கவே மாட்டார், முகர்ந்து பார்ப்பார். உள்ளே இரண்டு அழுகியிருந்தாலும் வாடை சொல்லிவிடும் என்பார். வணிக காஸ் சிலிண்டரில் 19 கிலோ காஸ் இருக்க வேண்டும். தராசில் ஏற்றச் சொன்னபோது கொண்டுவந்தவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு முன் யாரும் ஏற்றச் சொன்னதில்லை போலும்.

பொங்கல் மாதம்தான் சோதனை. பாதிப் பேர் மெஸ் கட் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். சமையல்காரர் சம்பளம் ஊருக்குப் போகாது. வகுக்கும் எண் சுருங்கும், நாள் கட்டணம் ஏறும். அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டிய அன்று இரவு என் அறைக்கதவு ஓயவில்லை. இருப்புப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உணவுக்கூடத்துக்கே போய் உட்கார்ந்து, தொடக்க இருப்பு, வாங்கியது, கடைசி இருப்பு என்று வரிவரியாக வாசித்தேன். கத்தியவர்கள் மெல்லக் கலைந்தார்கள். ஒருவன் மட்டும் நின்று, "பாதிப் பேர் ஊரில் இல்லையே, பால் செலவு ஏன் குறையவில்லை?" என்றான். நியாயமான கேள்வி. தினம் இத்தனை லிட்டர் என்று மாதத் தொடக்கத்திலேயே பேசிவிடும் வழக்கம், எங்களுக்கு முன்பிருந்தே வருவது. அடுத்த மாதம் அவனையே குழுவில் போட்டோம். முதல் வேலையாகப் பால் பேச்சை வாரக் கணக்குக்கு மாற்றினான். இன்று நான் கட்டடக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். சிமென்ட் மூட்டையை முகர முடியாது என்பதுதான் வருத்தம்.

சந்தேகப்பேர்வழி:

எல்லாம் சரி. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் முதலில் நீட்டப்படுவது என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டப் படிவம்தானே, அதைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதவில்லை? நானே எழுதுகிறேன். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். காகிதத்தில் குறையே இல்லை. நாங்கள் என்ன செய்தோம்? பேனர் பிடித்தோம். விருந்தினர் வரும் விழாவுக்கு நாற்காலி போட்டோம். சாலையோரம் கன்று நட்டோம். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறு கன்று நட்டோம். பதிவேட்டில் மணிக்கணக்கு மட்டும் செழிப்பாக வளர்ந்தது.

முகாம்வாசி:

அந்தக் குழியை நானும் தோண்டியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் மதுரை மாவட்டத்தில் நாங்கள் போட்ட முகாம் வேறு மாதிரி போனது. காரணம் ஒரு பாட்டி.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தங்கியிருந்தோம். காலையில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு: எத்தனை பேர், கழிப்பறை உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது. திண்ணையில் இருந்த ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து என் மடியில் கொட்டினார். "நீ கேட்டதற்கெல்லாம் சொன்னேன் தாயி. இப்போது நீ இதை வாசித்துச் சொல்." முதியோர் உதவித்தொகைக்குப் போட்ட மனுவின் நகல், திரும்பி வந்த கடிதம், ரேஷன் கார்டு, ஆதார், கணவரின் இறப்புச் சான்றிதழ். ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் வேறு வயது. கடிதம் கேட்டிருந்தது அதைத்தான். அதை அவருக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தோம். மதியத்துக்குள் மஞ்சள் பைகளோடு வரிசை நின்றுவிட்டது. மூன்று பேர் காகிதங்களைப் பிரித்து அடுக்கினோம், இரண்டு பேர் மனு எழுதினார்கள், ஒருவன் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிக்கொண்டே இருந்தான். முகாம் அறிக்கையில் இந்த வேலைக்குத் தலைப்பே இல்லை. "விழிப்புணர்வு" என்பதன் கீழ் எழுதிவைத்தோம். பாட்டிக்குப் பணம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். பின்னர் ஒரு முறை போய் விசாரித்தபோது மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவையில் இருந்தது. அதற்குமேல் தெரியாது.

சந்தேகப்பேர்வழி:

ஆக, உருப்படியான வேலை திட்டத்துக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. என் கட்சிதான் வலுக்கிறது.

முகாம்வாசி:

அந்தத் திண்ணைவரை என்னைக் கூட்டிக்கொண்டு போனது எது என்றும் யோசியுங்கள்.

பழைய கேடட்:

தேசிய மாணவர் படையில் இருந்தவள். "சி" சான்றிதழ் இருந்தால் ராணுவ அதிகாரி தேர்வுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத தனிவழி உண்டு என்று சொல்லிச் சேர்த்தார்கள். நான் சேர்ந்தது அணிவகுப்பு முடிந்ததும் தரும் பூரிக்காக. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வகுப்பில் வருகைப்பதிவுக்குக் கூடக் குரல் எழும்பாத ஆள் நான். மைதானத்தின் ஒரு முனையில் என்னை நிறுத்தி, "சாவ்தான்" (இந்தியில் "நேராக நில்" என்னும் கட்டளை) சொல்லச் சொல்வார்கள். மறுமுனையிலிருந்து ஹவில்தார் கேட்கவில்லை என்று கையை ஆட்டுவார். மறுபடி. மறுபடியும். ராணுவத்துக்குப் போகவில்லை, இப்போது நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மைக் இல்லாமலே காலைக் கூட்டம் நடத்துகிறேன்.

ஓ நெகட்டிவ்:

செஞ்சுருள் சங்கத்தில் இருந்தேன். ரத்ததான முகாம் என்றால் ஒரு நாள் பந்தலும் பிஸ்கட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். என் வேலை பட்டியல். யார் எந்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார், அடுத்து எப்போது கொடுக்கலாம்: ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு. 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. இந்தக் கடைசி எண்ணில்தான் எங்கள் தோழிகள் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். ஆசையோடு போய்த் திரும்பியவர்களின் பெயர்கள் தனியாக ஒரு தாளில் சேர்ந்தன. அதை எடுத்துக்கொண்டு விடுதிக் காப்பாளரிடம் போய், காலை உணவில் கீரையும் சுண்டலும் கேட்டு வாங்கினோம். மெஸ் கணக்கு அவர்கள் இதற்கு எவ்வளவு ஆகும் என்று முறைக்க வேண்டாம்.

கரூர்க்காரி:

மகளிடம் எல்லாவற்றையும் காட்டினேன். பூரி பற்றி மட்டும் இரண்டாம் முறை வாசித்தாள். மற்றவர்களும் எழுதுங்கள்.

மகாவலிக்கரை:

நான் பேராதனை, இலங்கை. மகாவலிக்கு அந்தப் பக்கம் பொறியியல் பீடம், இந்தப் பக்கம் கலைப் பீடம். இரண்டு பக்கத்துத் தமிழ் மாணவரும் சந்திப்பது தமிழ்ச் சங்கத்தில். எங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கொரு பரம்பரை உண்டு. மட்டக்களப்பில் விடிய விடிய ஆடும் கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடைக்கு அளவாகச் சுருக்கி, மாணவர்களையே ஆடவைத்தார். "கர்ணன் போர்" 1962இல் வந்தது. அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு போன எனக்கு ஆட்டத்தில் கால் வரவில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் என் காலைப் பார்த்துவிட்டு, "தம்பி நீர் நன்றாக வாசிப்பீரோ?" என்று கேட்டார். அப்படித்தான் சங்கத்தின் "இளங்கதிர்" சஞ்சிகைக்குப் புரூவ் பார்க்கும் வேலைக்குப் போனேன்.

கண்டியில் அச்சகம். ஒரு கட்டுரையாளர் திருத்தத்துக்கு மேல் திருத்தம் அனுப்புவார், அச்சுக்கோப்பவர் ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விடுவார். பொறியியல் பீடத்து நண்பன் ஒருவன் பாலங்களின் சுமை பற்றித் தமிழில் எழுதித் தந்தான். கலைச்சொற்களுக்காக இரண்டு பீடமும் தேநீர்க் கடையில் சண்டை பிடித்தது. விளம்பரத்துக்குக் கடை கடையாக ஏறியதைத் தனியாக எழுத வேண்டும். நகைக்கடைக்காரர்கள்தான் கடைசிவரை கைவிடாதவர்கள்.

இயற்பியல் முதலாண்டு:

வரிவாசகன் அவர்களுக்கு ஒரு கேள்வி. இதை வாசித்துவிட்டு எங்கள் கல்லூரியில் விசாரித்தேன். பொருளியல் படிக்கும் பார்வையற்ற அக்கா ஒருவர் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார். பாடம் வாசித்துவிடுவேன். தேவை, அளிப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் வரைபடம் வருகிறதே, அதை எப்படி வாசிப்பது?

வரிவாசகன்:

அச்சுகளிலிருந்து தொடங்குங்கள். செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு. பிறகு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லுங்கள்: தேவைக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, அளிப்புக்கோடு இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே. அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு உள்ளங்கையில் விரலால் வரைந்தும் காட்டலாம். உடனே அவரைத் திருப்பி மேசையில் வரையச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதில் கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கோடு இடம்பெயரும் படங்களுக்கு உள்ளங்கை போதாது. தடித்த அட்டையில் சணல் நூலை ஒட்டிக் கொடுங்கள், பழைய கோட்டுக்கு ஒற்றை நூல், புதிய கோட்டுக்கு முறுக்கிய இரட்டை நூல். பசை காய ஒரு இரவு விட வேண்டும். அவசரப்பட்டுக் கொடுத்தால் விரல் பட்டு நூல் நகர்ந்து சமநிலைப் புள்ளியே மாறிவிடும்.