சொந்த போனில் கம்பெனி ஆப் போடச் சொல்கிறார்கள்: என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் அவர்களுக்குத் தெரியுமா?

இரவு_ஷிஃப்ட்
வணக்கம். கோவையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏ.ஆர். காலர் வேலை. அமெரிக்க இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டு, டினையல் ஆன, அதாவது பணம் தர மறுத்த க்ளெய்ம் ஏன் நிற்கிறது என்று கேட்பதுதான் தொழில். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து, மீதி நாள் ஆபீஸ்.

போன வாரம் புதிதாக ஒரு பாலிசி அனுப்பினார்கள். 14 பக்கம், முழுக்கச் சட்ட ஆங்கிலம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆபீஸ் மெயிலும் டீம்ஸும் போனில் வேண்டுமென்றால் கம்பெனி போர்ட்டல் என்ற ஆப்பையும் போட வேண்டும். போன் என்னுடையது, ரெட்மி, ஆண்ட்ராய்டு. பாலிசியில் ஒரு வரி: கம்பெனி சிஸ்டத்தோடு இணையும் எந்தக் கருவியையும் கண்காணிக்கவும், அதிலுள்ள தரவை அழிக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதைப் படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. வேறொரு கம்பெனியில் இருந்த என் நண்பனுக்கு, ரிசைன் செய்த கடைசி நாளில் போன் மொத்தமும் ஃபேக்டரி ரீசெட் ஆகிவிட்டது. குழந்தை பிறந்தபோது எடுத்த படமெல்லாம் போச்சு.

டிஎல்லிடம் (டீம் லீடர்) கேட்டால், "எல்லாரும் போட்டாச்சு, உனக்கு மட்டும் என்ன" என்கிறார். அவர்களால் என் கேலரியையும் வாட்ஸ்அப்பையும் பார்க்க முடியுமா? போனையே அழிக்க முடியுமா? கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்?

மசாலா_டீ
இதற்கெல்லாம் மண்டையை உடைக்காதீர்கள் ப்ரோ. பழைய போன் ஒன்று வாங்கி அதில் போட்டுவிடுங்கள்.

ஓவர்_க்ளாக்
போனின் பூட்டை உடைத்து முழு அதிகாரத்தையும் எடுத்து ரூட் பண்ணிவிட்டால் எந்த ஆப்பும் உங்களைத் தொட முடியாது.

சர்வர்_அறை
ரூட் பண்ணிய போனைத்தான் இந்த மாதிரி ஆப் முதலில் கண்டுபிடித்து வெளியே தள்ளும். அந்த யோசனை வேண்டாம்.

நான் ஒரு ஐடி டீமில் இன்ட்யூன் பார்ப்பவன், ஊழியர்களின் போனையும் ஆப்பையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் அது. நீங்கள் சொல்வது அந்தக் குடும்பத்து ஆப்தான். ஆனால் ஆப்பின் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கம்பெனி அதை எந்த முறையில் வைத்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று பார்த்துச் சொல்லுங்கள்.

போர்ட்டலைப் போட்ட பிறகு ஆப் பட்டியலில் 'வேலை' என்று தனிப் பகுதி வந்ததா, அதிலுள்ள ஐகான்களில் சின்னப் பெட்டிப் படம் இருக்கிறதா? அவுட்லுக்கைத் திறந்தால் தனியாக ஒரு பின் நம்பர் கேட்கிறதா? செட்டிங்ஸில் மேலே உள்ள தேடலில் 'டிவைஸ் அட்மின்' என்று தட்டினால் வரும் பட்டியலில் எதெல்லாம் ஆன் ஆகியிருக்கிறது?

இரவு_ஷிஃப்ட்
நன்றி அண்ணா. போர்ட்டலைப் போட்டுப் பார்த்தேன், பெட்டிப் படம் எதுவும் வரவில்லை. அவுட்லுக், டீம்ஸ் இரண்டும் பின் கேட்கின்றன. டிவைஸ் அட்மின் பட்டியலில் கூகுளின் 'ஃபைண்ட் மை டிவைஸ்' மட்டும் ஆனில் இருக்கிறது.

இன்னொரு தொல்லை. அவுட்லுக்கில் வந்த அக்கவுண்ட் விவரத்தை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், நிறுவனத்தின் தரவை இங்கே ஒட்ட முடியாது என்கிறது. ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க விடுவதில்லை. டிஎல் எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார், அவசர க்ளெய்ம் எல்லாம் அதில்தான் ஓடும். இப்போது லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்துப் போடுகிறோம். இதற்கு வேறு வழி ஏதாவது உண்டா?

சர்வர்_அறை
முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

உங்கள் போன் கம்பெனியின் நிர்வாகத்துக்குள் போகவே இல்லை. உங்களிடம் இருப்பது ஆப்புக்கு மட்டும் பூட்டுப் போடும் முறை. அவுட்லுக், டீம்ஸ் மாதிரி ஆபீஸ் ஆப்களுக்குள் இருக்கும் தரவுக்குத்தான் கம்பெனியின் கை எட்டும். ஆண்ட்ராய்டில் இந்த முறைக்கும் கம்பெனி போர்ட்டல் போனில் இருந்தாக வேண்டும், அதனால்தான் போடச் சொல்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். உங்கள் கேலரி, எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், கால் லிஸ்ட், பிரௌசர் ஹிஸ்டரி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. வேலையை விட்டால் அவுட்லுக்கிலும் டீம்ஸிலும் உள்ள ஆபீஸ் கணக்கின் தரவை அழிப்பார்கள். போட்டோவைத் தொட வழியில்லை.

பெட்டிப் படத்தோடு 'வேலை' பகுதி வந்திருந்தால் அது வொர்க் ப்ரொஃபைல். அதிலும் அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஆப்களைத்தான் கம்பெனி பார்க்கலாம், அந்தப் பகுதியைத்தான் அழிக்கலாம். போன் மாடல், ஓ.எஸ். பதிப்பு மாதிரி விவரங்கள் போகும். லீவு நாளில் அதை அப்படியே நிறுத்தியும் வைக்கலாம், நோட்டிஃபிகேஷன் வராது. எனக்கு இதுதான் பிடித்த முறை.

மொத்தப் போனும் கம்பெனி கைக்குப் போக வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டில் போனை ரீசெட் செய்து முதல் செட்டப்பிலேயே அதைக் கம்பெனிப் போனாகப் பதிய வேண்டும். கம்பெனி வாங்கிக் கொடுக்கும் போனில் செய்வது அது. உங்கள் போனை ரீசெட் செய்யச் சொன்னாலோ, ஐடி ஆள் கையில் ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாலோ மட்டும் உஷாராகுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் மேனேஜ்மென்ட் ப்ரொஃபைல் போடும் சாதாரண முறையில் முழுப் போனையும் அழிக்கும் கட்டளை அனுப்ப முடியும். 'யூசர் என்ரோல்மென்ட்' என்ற முறையில் முடியாது. எது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

உங்கள் நண்பருக்கு நடந்தது அநேகமாக வேறு கதை. போனோடு வரும் மெயில் ஆப்பில் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்) கணக்கைச் சேர்த்தால், 'எல்லாத் தரவையும் அழிக்கும் அனுமதி' என்று ஒரு திரை வரும். யாரும் படிப்பதில்லை, அனுமதி கொடுத்துவிடுவோம். அதைக் கொடுத்தபின் சர்வரிலிருந்து ஒரு கட்டளை போனால் போனே காலி. ஆபீஸ் மெயிலுக்கு அவுட்லுக் ஆப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தொல்லை இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒட்டுவதற்கு வழி கேட்டீர்களே, அதைச் சொல்லித் தரமாட்டேன். அந்தப் பூட்டு அதற்காகத்தான் இருக்கிறது.

பில்லிங்_அக்கா
தம்பி, நான் இதே துறையில் ரொம்ப வருஷம் இருந்து இப்போது கம்ப்ளையன்ஸ் (விதிப்படி வேலை நடக்கிறதா என்று கவனிப்பது) பார்க்கிறேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்வியைவிட, கேட்காமல் விட்ட நாலாவதுதான் என்னைக் கலக்கியது.

லேப்டாப் திரையைப் போனில் படம் பிடிக்கிறீர்கள். அந்தப் படம் உங்கள் கேலரிக்குப் போகிறது. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன் செய்திருந்தால் அங்கேயும் ஏறிவிடும். மற்றவர்கள் குரூப்பில் போடும் படங்களும் வாட்ஸ்அப் தானாகச் சேமித்து உங்கள் போனில் உட்காரும். கம்பெனி உங்கள் குழந்தை படத்தைப் பார்த்துவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். உங்கள் குழந்தை படத்துக்குப் பக்கத்திலேயே ஏதோ ஓர் ஊர் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மெம்பர் ஐடி எல்லாம் இருக்கிறது. குரூப்பில் எத்தனை பேர்? வேலையை விட்டுப் போனவர்கள் இன்னும் அதில் இருக்கிறார்களா? இரண்டையும் பாருங்கள்.

நோயாளி தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பா பற்றிய ட்ரெய்னிங்கில் எல்லோரும் வேகமாக 'நெக்ஸ்ட்' அழுத்திப் போகும் இடம் இது. நம் கம்பெனி அமெரிக்க மருத்துவமனைக்கு 'பிசினஸ் அசோசியேட்'. ஒப்பந்தம் போட்டுத்தான் டேட்டா நம் கைக்கு வருகிறது. பாதுகாப்பில்லாத வகையில் அது வெளியே போனால் அது ப்ரீச். தெரியவந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு ப்ரீச்சில் 500 பேரோ அதற்கு மேலோ என்றால் அமெரிக்க சுகாதாரத் துறைக்கும் அதே கெடுவுக்குள் சொல்ல வேண்டும், ஒரே மாநிலத்தில் 500 பேருக்கு மேல் என்றால் அங்குள்ள ஊடகங்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். க்ளையண்ட் கையை விட்டுப் போவது அந்த நாளில்தான். டிஎல் சொல்லித்தான் செய்தேன் என்பது அப்போது உங்களைக் காப்பாற்றாது, பாலிசியில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

சாட்ஜிபிடி_ரசிகன்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் பில்லிங்தான். அப்பீல் லெட்டரை சாட்ஜிபிடியில் எழுதுகிறேன். நோயாளி பெயரை எடுத்துவிட்டுத்தான் ஒட்டுவேன். அது பரவாயில்லைதானே?

பில்லிங்_அக்கா
பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அடையாளம் நீக்கிய தரவு என்று சொல்லிக்கொள்ள ஹிப்பாவில் 18 வகை அடையாளங்களை எடுக்கச் சொல்கிறார்கள். பெயர் அதில் ஒன்று மட்டும். மெம்பர் ஐடி, மருத்துவப் பதிவு எண், அக்கவுண்ட் எண், போன் நம்பர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிகிச்சை பெற்ற தேதியும் உண்டு. வருடத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். டினையல் நோட்டை அப்படியே ஒட்டினால் இவற்றில் நாலைந்தாவது கூடவே போகும்.

லெட்டரின் எலும்புக்கூட்டை மட்டும் எழுதி வாங்குங்கள்: இந்தக் காரணத்துக்கு டினையல், இந்த வகை ஆவணம் இணைக்கிறோம், அவ்வளவுதான். தேதியையும் எண்ணையும் ஆபீஸ் சிஸ்டத்துக்குள் நீங்களே நிரப்புங்கள். அதற்கும் உங்கள் பாலிசி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2023இல் சாம்சங்கில் இன்ஜினியர்கள் சோர்ஸ் கோடையே சாட்ஜிபிடியில் ஒட்டியது வெளியே வந்து, கம்பெனி அதற்குத் தடையே போட்டது. நம் நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில், ஆபீஸ் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரி ஆப்கள் வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்குச் சொன்னது. இது பில்லிங்காரர்களுக்கு மட்டும் உள்ள கெடுபிடி இல்லை.

மசாலா_டீ
அப்போ அந்த குரூப் படத்தையெல்லாம் இன்றைக்கே டெலிட் பண்ணிவிட்டு குரூப்பை விட்டு வந்துவிடச் சொல்லுங்கள். முடிந்தது.

பில்லிங்_அக்கா
அவசரப்படாதீர்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டு, பிறகு யாராவது புகார் கொடுத்து விசாரணை வந்தால், எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும். இனி ஒரு படமும் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் மீடியா தானாகச் சேமிப்பதையும், கூகுள் பேக்கப்பில் அந்த ஃபோல்டரையும் நிறுத்துங்கள். பிறகு கம்ப்ளையன்ஸ் மெயிலுக்கு இரண்டு வரி: இப்படி ஒரு குரூப் இருக்கிறது, என் போனில் படங்கள் இருக்கின்றன, எப்படி அழிப்பது என்று சொல்லுங்கள். அவர்கள் சொன்னபடி அழித்துவிட்டு அதையும் எழுதிவிடுங்கள். டிஎல் மேல் புகார் மாதிரி எழுத வேண்டாம், வேலை நடக்கிற முறையைப் பற்றி எழுதுங்கள்.

கருப்புக்_கோட்டு
கையெழுத்து பற்றி நான் சொல்கிறேன், தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன்.

ஊழியர்களைக் கண்காணிப்பதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் சொன்னது உண்மை. அதை வைத்து ஒரு தனியார் கம்பெனியின் லேப்டாப் பாலிசியை உடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவே, வேலை தொடர்பான தேவைக்கும் ரகசியத்தைக் காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலேயே தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியப் பிரிவுகள் அமலாக 18 மாத அவகாசம் வேறு. மறுபக்கம், ஒப்பந்தத்தை மீறி அடுத்தவரின் தனிப்பட்ட தகவலைக் கெட்ட நோக்கத்தோடு வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. இழப்போ ஆதாயமோ வரும் என்று தெரிந்தே செய்தாலும் அதேதான். உங்கள் குரூப் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை.

ஆகவே போடமாட்டேன் என்று முறைத்துக்கொள்வதில் லாபம் இல்லை. எச்.ஆருக்கு மெயிலில் கேளுங்கள்: 'எந்தக் கருவியும்' என்ற வரி என் சொந்த போனில் ஆபீஸ் ஆப்களுக்குள் உள்ள தரவை மட்டும்தான் குறிக்கிறதா? வேலையை விடும்போது அவற்றை மட்டும்தான் அழிப்பீர்களா? சொந்த போன் தர விருப்பமில்லாதவர்களுக்கு மாற்று என்ன? பதிலைப் பிரிண்ட் எடுக்க அனுமதி கேட்டு எடுத்து வையுங்கள், பெர்சனல் மெயிலுக்கு ஃபார்வர்ட் செய்து புது வம்பை இழுக்காதீர்கள். பதில் வந்ததும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த 14 பக்கத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கும். வேலையை விட்டபின் இத்தனை வருடம் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று எழுதியிருந்தால், 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது. ரகசியத்தை வெளியே சொல்லாதே என்பது வேறு. அது வேலையை விட்ட பிறகும் செல்லும்.

சர்வர்_அறை
ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். போனைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு ஆபீஸ் லேப்டாப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அது முழுக்க அவர்களுடையது. எந்த ஃபைல் பென் டிரைவுக்குப் போகிறது, எது சொந்த ஜிமெயிலில் அட்டாச் ஆகிறது என்பதெல்லாம் பதிவாகும். சில கம்பெனிகளில் திரையையே இடைவெளி விட்டுப் படம் எடுக்கும் மென்பொருள் இருக்கும். வாட்ஸ்அப் வெப்பை அங்கே திறந்தால் என்க்ரிப்ஷன் வழியில்தான் காக்கும், திரையில் வந்தபின் காக்காது. ஆபீஸ் குரோமில் சொந்த கூகுள் கணக்கை சிங்க் செய்து வைத்திருந்தால் உங்கள் பாஸ்வேர்டெல்லாம் அந்த லேப்டாப்பில் இருக்கிறது, முதலில் அதை எடுங்கள்.

இரவு_ஷிஃப்ட்
அப்டேட். எச்.ஆர். இன்று எழுத்தில் பதில் கொடுத்தார்: ஆப் அளவில் மட்டும்தான் கட்டுப்பாடு, சொந்தத் தரவு அழிக்கப்படாது. போன் தர விருப்பமில்லாதவர்கள் லேப்டாப்பில் மட்டும் மெயில் பார்க்கலாமாம், ஓடிபிக்கு டோக்கன் (நம்பர் காட்டும் சின்னக் கருவி) கொடுப்பார்களாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கம்ப்ளையன்ஸுக்கு எழுதியதற்கு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில் வந்தது, என் பெயர் வெளியே வரவில்லை. குரூப் டீம்ஸுக்கு மாறிவிட்டது, டிஎல் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, அது சரியாகிவிடும். படங்களை அழித்து மெயில் போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம் அண்ணா. அடுத்த மாதம் போன் மாற்றப்போகிறேன். லாகினை உறுதி செய்யும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் ஆபீஸ் கணக்கு இருக்கிறது. பேக்கப் எடுத்துப் புதுப் போனில் ஏற்றினால் போதுமா?

சர்வர்_அறை
போதாது. பேக்கப்பில் ஆபீஸ் கணக்கின் பெயர்தான் வரும், மறுபடி லாகின் செய்து பதிய வேண்டியிருக்கும். பழைய போன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, லேப்டாப்பில் உங்கள் கணக்கின் பாதுகாப்புத் தகவல் பக்கத்துக்குப் போய்ப் புதுப் போனைச் சேருங்கள். அதில் ஒருமுறை லாகின் ஆவதைப் பார்த்த பிறகு பழையதை நீக்கி ரீசெட் செய்யுங்கள். ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம், ராத்திரியில் ஹெல்ப்டெஸ்க் போன் எடுப்பது உங்கள் அதிர்ஷ்டம்.