ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு தனி நோட்டு போடக் கூடாதா?

ராதாபுரத்துப் பனை:
சென்ற ஆண்டு சித்திரையில் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல். தனியார் மருத்துவமனை ஒன்றில் கல்லை உடைத்து எடுத்தார்கள். சிறுநீர் தடையில்லாமல் இறங்க வேண்டும் என்று சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை ஒரு மெல்லிய குழாயும் வைத்தார்கள். டிஜே ஸ்டென்ட் என்பார்கள். இரண்டு முனையும் சுருண்டிருக்கும். சில வாரங்களில் எடுத்துவிட வேண்டிய பொருள் அது.

ஆனியிலேயே நீர்க்கடுப்பு. உடம்புச் சூடு என்று பதநீர் வாங்கிக் கொடுத்தோம், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். கொஞ்சம் குறையும், மறுபடி வரும். இந்த ஆனியில் சிறுநீரில் ரத்தம் வந்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். பதினான்கு மாதமாகக் குழாய் உள்ளேயே இருந்திருக்கிறது. கீழ்முனையைச் சுற்றி உப்புப் படிந்து கோலிக்குண்டு அளவுக்குக் கல். சில நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியதற்கு, அப்பா இரண்டு முறை மயக்க மருந்து வாங்கிக்கொண்டு படுத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாள்களை அம்மா ரேஷன் கார்டோடு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: ஆறு வாரத்தில் ஸ்டென்ட் எடுக்க வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

நான் கேட்பது பெரிதல்ல. பெயர், வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, இரண்டு தொலைபேசி எண். ஆள் வராவிட்டால் ஒரு அழைப்பு. இதற்கு ஒரு நோட்டு போதும்.

கத்தியும் நூலும்:
நான் இந்த மாவட்டத்தில் அறுவை மருத்துவன். தம்பி, அப்பா பட்ட பாட்டுக்கு வருந்துகிறேன். ஆனால் நோட்டு போட்டால் தீரும் என்பதை ஏற்க மாட்டேன். ஏற்கெனவே எங்கள் பயிற்சி மருத்துவர்களின் பாதி இரவு எழுத்து வேலையில் போகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்து பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவு: இறப்பும் சிக்கலும் சொல்லும்படியாகக் குறையவில்லை. தாளில் டிக் அடிப்பது வேறு, நோயாளியைப் பார்ப்பது வேறு.

இதற்குத் தீர்வு அறுவைச் செய்முறையில்தான் இருக்கிறது. சிக்கலில்லாமல் கல் எடுத்த எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவையில்லை. சில நாட்களுக்கு மட்டும் வேண்டும் என்றால் நூல் கட்டிய ஸ்டென்ட் இருக்கிறது. நூல் வெளியே இருக்கும், கருவி எதுவும் உள்ளே விடாமல் இழுத்து எடுத்துவிடலாம். வைக்காத குழாயை யாரும் மறக்க முடியாது.

நாங்குநேரி ஏரிக்கரை:
டாக்டர் சொல்வது சரி. இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். ஆறு வாரத்தில் வாருங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார்கள். வலி போனதும் நாம் போவதில்லை. மறுபடி எவ்வளவு கேட்பார்களோ என்ற பயமும் உண்டு. எங்கள் தெருவிலேயே தையல் பிரிக்காமல் ஆற்றில் குளித்துவிட்டுப் புண் சீழ் வைத்தவர் இருக்கிறார். எல்லாவற்றையும் மருத்துவமனை தலையில் கட்ட முடியுமா?

ராதாபுரத்துப் பனை:
அண்ணாச்சி, சொல்லியிருக்கலாம், இல்லை என்று நான் சாதிக்கவில்லை. மயக்கம் தெளிந்த கிழவரிடம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பரபரத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். உள்ளே குழாய் இருப்பதே தெரியாத ஆளிடம் எடுக்க வரவில்லை என்று குறை சொல்வது நியாயமா? பணத்துக்குப் பயம் என்றீர்கள். எடுக்கும் செலவையும் முதல் பில்லிலேயே சேர்த்து வாங்கிவிட்டால் அந்தப் பயமும் போகும்.

மருதூர்க் கால்வாய்:
டாக்டர் ஐயா ஒரு பக்கத்தை மட்டும் சொன்னார். அதே சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் செய்துபார்த்த முடிவு 2009இல் வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. நூறு ஆண்டுக்கு முன்பே பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து எழுதினார். 1911 முதல் 1916 வரை தன் மருத்துவமனையில் பார்த்த 337 பேரில் 123 தவறுகள் நேர்ந்ததைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். பின்தொடராமல் இருந்திருந்தால் தன் செய்முறையில் எது பிழை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பணிநிறைவு பெற்ற செவிலி:
முப்பது ஆண்டு ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். வயிற்றைத் திறக்கும் முன் ரத்தம் ஒற்றும் துணியான மாப், காஸ், ஊசி எல்லாம் எண்ணிப் பலகையில் எழுதுவோம். மூடும் முன் மறுபடி எண்ணுவோம். பத்து மாப் போய் ஒன்பது வந்தால், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் கையைக் கட்டி நிற்கத்தான் வேண்டும். அந்தப் பத்தாவது மாப் கிடைக்கும்வரை ஒருவரும் தையல் போட மாட்டார். ஸ்டென்ட்டும் உடம்புக்குள் நாம் வைத்த பொருள்தான். அதை மட்டும் எண்ணாமல் பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அது வெளியே வரும்வரை அந்த அறுவை முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கத்தியும் நூலும்:
அக்கா, அந்தக் கணக்கு ஒரே அறைக்குள் அரை நாளில் முடிகிற கணக்கு. இது ஊர் தாண்டிப் போகிற கணக்கு. தரும் எண் திருப்பூரில் இருக்கும் மகனுடையது. ஆறு வாரத்தில் அவர் சிம் மாற்றியிருப்பார். யார் கூப்பிடுவது, எந்த நேரத்தில், யார் சம்பளத்தில்? இதைச் சொல்லாமல் நோட்டு நோட்டு என்றால், அது அலமாரியில் தூங்கும். அப்படித் தூங்கும் நோட்டுகளைப் பார்த்தவன் நான்.

பணிநிறைவு பெற்ற செவிலி:
கர்ப்பிணிகளுக்குப் பிக்மி என்ற பதிவு எண் கொடுத்துப் பின்தொடர்கிறோமே, டாக்டர். பேறுகாலத் தேதி நெருங்கினால் கிராம சுகாதாரச் செவிலியர் வாசலில் வந்து நிற்கிறார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது. போன் எண் மாறினாலும் வாசல் மாறாது. சனிக்கிழமை காலை அரை மணி நேரம், தியேட்டர் பொறுப்புச் செவிலி நோட்டைத் திறந்து தேதி தாண்டியவர்களைக் கூப்பிடட்டும். போனில் கிடைக்காதவர் பெயர் அந்த ஊர்ச் செவிலிக்குப் போகட்டும். நீங்கள் சொன்ன நூல் ஸ்டென்ட்டும் வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கத்தியும் நூலும்:
அரை மணி நேரத்தில் முடியாது. ஆனால் ஊர்ச் செவிலி வழி என்பதைப் பற்றிப் பேசலாம்.

சேரன்மகாதேவி வாழைத்தோப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு மாமாவின் தாளை எடுத்துப் பார்த்தேன். தையில் கல் எடுத்தது. அதில் வலது பக்கம் டிஜேஎஸ் என்று மூன்று எழுத்து இருக்கிறது. அதுதானா இது? அவர் ஒன்றுமில்லை என்று வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

பணிநிறைவு பெற்ற செவிலி:
அதுதான். எடுத்ததாக வேறு தாள் இல்லையென்றால் நாளை காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் வயிற்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், குழாய் இருந்தால் தெரிந்துவிடும். அந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள்.