ஓவர்லோடு கேஸ், பர்மிட், எடைமேடை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பத்துச்சக்கரம்

சங்ககிரிப் பக்கம் சொந்த வண்டி ஒன்றே ஒன்று வைத்து ஓட்டுகிறேன். போன வாரம் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஓவர்லோடு பேச்சு வந்தது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எழுதி வைத்தால் புதிதாக வண்டி எடுக்கிற பையன்களுக்கு உதவும் என்று நானே ஆரம்பிக்கிறேன்.

2021 மழைக்காலம். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு வர வேண்டும். என் வண்டிக்குப் பாசிங், அதாவது சரக்கோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை, 28.5 டன். காலி வண்டி பத்து டன் வரும். பதினெட்டரை டன் ஏற்றலாம். மண்டியில் 22 டன் ஏற்றிவிட்டார்கள். “எல்லா வண்டியும் இப்படித்தான் போகுது, உங்களுக்கு மட்டும் என்ன” என்றார் மண்டிக்காரர். வாடகை டன் கணக்கில்தானே பேசுகிறோம்? மூன்றரை டன் கூட என்றால் எனக்கும் காசு கூட. வாயை மூடிக்கொண்டு தார்ப்பாயைக் கட்டினேன். ஆசைதான், வேறென்ன சொல்ல.

ராத்திரி ரெண்டு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். எடை போட்டதும் கணக்கு வந்துவிட்டது. 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அரை டன்னையும் முழு டன்னாகப் போட்டு மொத்தம் 28,000. அந்த டிரிப் வாடகையே 33,000தான்.

அதோடு விட்டால் பரவாயில்லை. கூடுதல் எடையை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்றார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மூன்றரை டன் என்றால் ஐம்பது கிலோ மூட்டையில் எழுபது மூட்டை. கொட்டுகிற மழையில் ரோட்டோரம் எங்கே இறக்குவது? விடிந்த பிறகு காலியாக வந்த ஒரு வண்டியைக் கெஞ்சிப் பிடித்து, லோடுமேன் நாலு பேரைத் தேடி, மாற்றி ஏற்றி அனுப்பினேன். கிளீனர் பையனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மண்டிக்காரருக்குப் போன் போட்டால், “ஏத்தும்போதே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே” என்றார்.

2019 செப்டம்பருக்கு முன்னால் இதே கேஸ் 2,000 ரூபாயும் டன்னுக்கு ஆயிரமும்தான். ஆறாயிரத்தில் முடிந்திருக்கும். டீசல், டோல், பேட்டா, கேஸ் என்று அதையும் ஒரு செலவாக எழுதிவிட்டுப் போவோம். எங்கப்பா காலம் இன்னும் வசதி. சில மாநிலங்களில் பணத்தைக் கட்டி ரசீதோ அட்டையோ வாங்கிவிட்டால் ஓவர்லோடோடேயே மாநிலம் முழுக்கச் சுற்றலாம். 2005-இல் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தியது. அபராதம் கட்டினாலும் மிச்ச எடையை இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

எடைமேடைக்காரன்

அண்ணே, நான் எடைமேடை வைத்திருப்பவன். வருஷா வருஷம் முத்திரை போட்ட மேடைதான், இருந்தாலும் பக்கத்து மேடைக்கும் எனக்கும் நூறு, இருநூறு கிலோ வித்தியாசம் வரும். அதற்காக என்னோடு சண்டை போடாத டிரைவர் கிடையாது.

எம்-சாண்ட் டிப்பர் வரும் பாருங்கள், தண்ணீர் ஒழுக ஒழுக வரும். கிரஷரில் கழுவிய மணலை ஈரத்தோடு அள்ளிப் போடுகிறார்கள். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை, அதற்கும் சேர்த்துத்தான் கேஸ். ஐம்பது கிலோமீட்டர் போய் இறக்கும்போது அந்த எடை இருக்காது. வாங்குகிறவன், “மணல் எங்கய்யா போச்சு” என்று டிரைவர் சட்டையைப் பிடிப்பான். ஏறும்போது ஓவர்லோடு கேஸ், இறங்கும்போது திருட்டுப் பட்டம்.

பின் சக்கரத்தில் ஒன்றை மேடைக்கு வெளியே அரை அடி விட்டு நிறுத்துகிற தில்லாலங்கடி வேலையும் பார்த்திருக்கிறேன். அதை யார் செய்தது என்று சொல்ல மாட்டேன், இந்த இழையிலேயே இருக்கிறார்.

பத்துச்சக்கரம்

தம்பி, அது ஒரே ஒரு தடவை.

ரிட்டயர்டு ரோடு

நெடுஞ்சாலை வேலையில் முப்பது வருடம் இருந்தவன். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் வட்டப் பாதைகள் போட்டு, லாரிகளை ராப்பகலாக ஓட்டி, ரோடு எப்படி உடைகிறது என்று பார்த்தார்கள். அதில் கிடைத்த கணக்கைத்தான் இன்றும் உலகம் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறோம். வண்டியின் ஓர் அச்சின் (ஆக்சில்) மேல் எடை ரெண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ரெண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. நாலாவது அடுக்கில் ஏறும்.

பத்துச்சக்கரம் அண்ணனின் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 28.5 போக வேண்டியது 32-இல் வந்திருக்கிறது. எடை கூடியது பன்னிரண்டு சதவீதம்தான். எல்லா அச்சிலும் சமமாக இறங்கியதென்று வைத்தாலும், ரோட்டுக்குச் சேதம் அறுபது சதவீதத்தை நெருங்கும். குவாரிக்குப் போகும் கிராமத்து ரோடு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பஸ்ஸும் பால் வண்டியும் டிராக்டரும் போக என்று போட்ட ரோடு. குவாரி திறந்து ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. சக்கரத் தடம் ரெண்டும் வாய்க்கால் ஆகிவிட்டது. நடுவில் மட்டும் வரப்பு மாதிரி தார் நின்றது. ஊர்க்காரர்கள் என்னைத்தான் திட்டினார்கள், கமிஷன் அடித்துவிட்டானாம்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் இருந்தது 11.5 ஆனது. பத்துச் சக்கர வண்டி 25-இலிருந்து 28.5 ஆனது. வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள், அதே மூன்றரை டன். ஜூன் மாதம் அதை ஏற்றி வந்தால் குற்றவாளி, ஆகஸ்டில் ஏற்றி வந்தால் சட்டப்படி நடக்கிறவர். ரோடு மட்டும் அதே ரோடு, ஓர் அங்குலம்கூடத் தடித்துவிடவில்லை. ஆபீசில் இதைச் சொன்னபோது, “நமக்கு எதுக்கு சார்” என்றார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மொத்த எடையைவிட அச்சுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். அதே சரக்கைப் பன்னிரண்டு சக்கரத்தில் பரப்பி ஏற்றினால் ரோடு தாங்கும். நியூசிலாந்தில் 1978-இலிருந்தே எடைக்கும் அச்சுக்கும் கிலோமீட்டருக்கும் சேர்த்து, இவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். நாம் என்னடாவென்றால் பிடிபட்டவனிடம் மொத்தமாக வாங்குகிறோம், பிடிபடாதவனிடம் ஒன்றும் வாங்குவதில்லை.

திம்பம் மலை

தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்குக் கரும்பு ஓட்டுகிறேன். எங்கள் ரோட்டில் எடையைப் பார்க்க ஆனையே வரும்!

விளையாட்டில்லை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. 16.2 டன்னுக்கு மேல் விட மாட்டார்கள். 2022-இல் ஐகோர்ட் உத்தரவு வந்த பிறகு ராத்திரியில் லாரிப் போக்குவரத்துக்கும் தடை. காரப்பள்ளம் செக்போஸ்டில் உயரத்துக்கு இரும்புத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். கரும்புக் கட்டு அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே உருவிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். உருவிப் போட்ட கரும்புக்கு ஆனை பழகிவிட்டது. இப்போது கரும்பு லாரி எப்போது வரும் என்று ரோட்டோரம் நின்று பார்க்கிறது. ஒருநாள் குட்டியோடு ஒரு பெண் யானை என் வண்டியை மறித்து, பின்பக்கம் நாலைந்து கட்டைச் சாவகாசமாக இழுத்துக்கொண்டு போனது. நான் கேபினுக்குள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். மில்லில் எடை போட்டபோது சரியாகப் பாசிங் எடைக்கு வந்திருந்தது.

கரும்பைத் தூக்கி எறிந்தால் வனத்துறை தனியாக அபராதம் போடுகிறது. அது நியாயம்தான். ரோட்டுக்குப் பழகிய ஆனை ஒருநாள் வண்டியில் அடிபடும்.

பிளேடு பைலட்

நீங்கள் எல்லாம் எடையில் மாட்டியவர்கள். நான் நீளத்தில் மாட்டியவன். காற்றாலை இறக்கை ஏற்றிப் போகும் டிரெய்லருக்கு முன்னால் சிவப்புக்கொடி கட்டிப் போகிற பைலட் வண்டி என்னுடையது.

இறக்கை அறுபது மீட்டருக்கு மேல். சாதாரண டிரெய்லருக்கு உள்ள அளவை மூன்று மடங்கு தாண்டிவிடும். அதனால் பர்மிட் இல்லாமல் ஓர் அடி நகராது. முதலில் நாங்கள் காரில் போய்த் தடம் பார்ப்போம். எந்த வளைவில் திரும்பும், எந்தப் பாலம் தாங்கும், எங்கே கரண்ட் கம்பி தாழ்ந்திருக்கிறது, எந்த ஊர் ஆர்ச் இடிக்கும் என்று படத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் நெடுஞ்சாலைக்காரர்கள், போக்குவரத்து, போலீஸ், மின்வாரியம் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பர்மிட் கையில் வரும்போது அதில் தேதி போட்டிருக்கும். அந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், அதுதான் சூட்சுமம்.

சென்னைப் பக்கத்திலிருந்து தென்காசிப் பக்கம் போன டிரிப். கடைசி நாற்பது கிலோமீட்டர் பாக்கி. ஓர் ஊரில் தேர்த்திருவிழா. பந்தல் கால் ரோட்டில் ஊன்றியிருக்கிறது, மூன்று நாள் எடுக்க முடியாது என்றார்கள். தேர் நிலைக்கு வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது, ரோட்டோர மண் இளகிவிட்டது. மழை விட்ட அன்று பர்மிட் தேதி முடிந்துவிட்டது! நீட்டிப்புக் கடிதம் வர இன்னும் நாலு நாள். மொத்தம் ஒன்பது நாள் ஊருக்கு வெளியே நின்றோம்.

ஊர்ப் பிள்ளைகள் இறக்கைக்கு அடியில் நிழலில் விளையாடினார்கள். ஒரு பாட்டி தினமும் வந்து, “இது என்னய்யா, மீனா, கப்பலா” என்று கேட்டது. டீக்கடையில் அக்கவுண்ட் வைத்தோம். ஏழாம் நாள் எங்கள் சமையலுக்கு ஊர்க்காரர்களே அரிசி கொடுத்தார்கள். டிரெய்லர் பின்சக்கரத்தைத் தனியாக ரிமோட்டில் திருப்புகிற பையன் பீகார்காரன். அவன் அந்த ஒன்பது நாளில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டான், கெட்ட வார்த்தை உள்பட.

பர்மிட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பாலம் போனால் ஊரே போச்சு. ஆனால் தேதியை எழுதுகிறவர் ஒருநாள் எங்களோடு வண்டியில் வந்து பார்க்கலாம்.

சேலம் புக்கிங்

நல்லதையும் ஒரு வரி எழுதுங்கள் ஐயா. 2010 வரைக்கும் நேஷனல் பர்மிட் என்றால் எந்தெந்த மாநிலம் என்று எழுதி, மாநிலத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். லோடு கிடைக்கும், அந்த மாநிலத்துக்குப் பர்மிட் இருக்காது. 2010-இல் வருடத்துக்கு ஒரே கட்டணம் என்று 15,000 வைத்தார்கள், அப்புறம் 16,500 ஆனது. நாடு முழுக்க ஓட்டலாம். எங்கள் புக்கிங் ஆபீசில் பாதித் தலைவலி அன்றோடு போனது.

இன்னொன்று. சட்டத்தில் ஓட்டுகிறவன் மட்டும் குற்றவாளி இல்லை. ஓட்ட வைத்தவர், ஓட்ட அனுமதித்தவர் எல்லாரும் அதே பிரிவில்தான் வருகிறார்கள். நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000. ஆனால் சரக்கு ஏற்றிவிட்ட முதலாளி மேல் கேஸ் போட்டு இருபத்தைந்து வருடத்தில் என் கண்ணால் பார்த்ததில்லை.

பத்துச்சக்கரம்

ரோடு ஐயா, கோபம் எல்லாம் இல்லை. ஜூன், ஆகஸ்டு கணக்கை வாட்ஸாப்பில் எங்கள் ஸ்டாண்ட் குரூப்பில் போட்டேன், ரெண்டு நாளாக அதே பேச்சு.

இப்போது நான் செய்வது என்னவென்றால், மண்டியை விட்டுக் கிளம்புமுன் எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து, ஏற்றியவருக்கும் வாங்குகிறவருக்கும் அனுப்பிவிடுவேன். “கூடுதல் எடை உங்கள் பொறுப்பு, பதில் போடுங்கள்” என்று கேட்பேன். பாதிப் பேர் பதில் போடுவதில்லை, மூட்டையை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். ரெண்டு பார்ட்டி என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அந்த லோடு எல்லாம் பக்கத்து ஊர் வண்டிக்குப் போகிறது, அவன் இருபத்துரெண்டு டன் ஏற்றுகிறான். டியூ கட்டுகிற மாதம் கொஞ்சம் உறுத்தும்தான்.

பிளேடு தம்பி, அந்த டீக்கடை அக்கவுண்ட் என்ன ஆனது?

பிளேடு பைலட்

கம்பெனி பில் கேட்டது அண்ணே. டீக்கடைக்காரர் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார், அது செல்லாது என்றார்கள். நானே கொடுத்துவிட்டேன். அடுத்த டிரிப்பில் அந்த வழியாகப் போனபோது பாட்டிக்கு ஒரு போட்டோவும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், இறக்கையை மேலே மாட்டிய பிறகு எடுத்தது. “இத்தினியூண்டா தெரியுது” என்றது.