பின்கை ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஏன் மாறுகிறது? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பிரிட்ஜ் (கியூவை முன்னால் தாங்க மேஜையில் ஊன்றும் கை) பற்றியும் குறி பார்ப்பது பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கியூவின் (பந்தை அடிக்கும் கோலின்) அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் பின்கையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

என்னோடு வழக்கமாக ஆடும் நண்பர் ஒருவர். நல்ல கண், நல்ல நிதானம். பயிற்சியில் தூரத்துப் பந்துகளைச் சர்வசாதாரணமாகப் பாக்கெட்டில் போடுவார். ஃபிரேம் (ஒரு சுற்று ஆட்டம்) நெருக்கமாகிவிட்டால் அதே பந்து பாக்கெட் ஓரத்தில் இடித்து நின்றுவிடும். "மனசு பதறுது" என்பார். ஒரு நாள் பந்தையே பார்க்காமல் அவருடைய பின்கையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். (ஆட்டத்தை அப்படிப் பார்த்தால் சீக்கிரமே கொட்டாவி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.) சுலபமான சிவப்புப் பந்துக்குக் கியூவின் கடைசியிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தார். அடுத்த கறுப்புக்கு (அதிகப் புள்ளி உள்ள பந்து) ஒரு சாண் தள்ளி. அதற்கடுத்த சிவப்புக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கோ. விட்டால் ஃபிரேம் போய்விடும் என்ற நிலை வந்தபோது விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

சொன்னேன், நம்பவில்லை. போனைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அந்தப் படத்தில் வேறொன்றும் தெரிந்தது. கியூவின் அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி, அதில் கம்பெனிப் பட்டை பதித்திருப்பார்களே, அது ஒரு ஷாட்டில் மேலே இருந்தது, அடுத்ததில் பக்கவாட்டில், இன்னொன்றில் கண்ணுக்கே தெரியவில்லை. உருண்டைக் கட்டைதானே, எப்படித் திருப்பிப் பிடித்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்தத் தட்டை இடம் உள்ளங்கையில் வேறு வேறு இடத்தில் படும்போது விரல்கள் மடங்கும் விதமே மாறிவிடுகிறது. ஆஷ் மரக் கியூவில் மரத்தின் ரேகை அம்புமுனை போல வரிசையாகத் தெரியும். பட்டையும் அந்த அம்புகளும் எப்போதும் மேலே இருக்கும்படி பிடிப்பதைப் பலரும் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். கியூ ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கையில் உட்காருகிறது என்பதற்கு அதைவிடச் சுலபமான அடையாளம் கிடையாது.

என் கணக்கில் ஆணிவேர் இதுவும் இல்லை. அவர் குனிந்த பிறகு, டிப்பை (கியூவின் நுனியை) கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முன்னும் பின்னும் ஆட்டும் நேரத்தில், விரல்களைத் திறந்து திறந்து பிடியைத் திருத்திக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் கண் பந்தில் இருக்கிறது, கை எங்கே போய் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது ஷாட்டின் கோட்டுக்குப் பின்னால் நிற்கும்போதே பிடியை முடித்துவிடுகிறார். பட்டை மேலே, கை வழக்கமான இடத்தில், அப்புறம்தான் குனிவது. குனிந்த பிறகு பிடி சரியில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுவார், படுத்துக்கொண்டே திருத்துவது கிடையாது.

*

மேலே எழுதியவர் சொன்னபடி பிடியை நிற்கும்போதே முடிப்பது சரி. ஆனால் "வழக்கமான இடம்" என்ற பேச்சை நான் அப்படியே ஏற்கமாட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் கியூவில் டேப் சுற்றி அடையாளம் வைத்து, உயிரே போனாலும் அங்கேதான் பிடிப்பேன் என்று ஆடினார். திறந்த மேஜையில் அருமையாகப் போனது. வெள்ளைப் பந்து குஷனை (மேஜையின் ஓரத் தடுப்பை) ஒட்டி நின்றதும் தடுமாற்றம் ஆரம்பித்தது.

காரணம் இதுதான். டிப் வெள்ளையைத் தொடும் கணத்தில் முன்னங்கை தரைக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். குஷனில் பிரிட்ஜுக்கு இடம் குறைந்து அந்தக் கை டிப்பை நெருங்குகிறது. அப்போது பின்கையும் முன்னே வந்தால்தான் செங்குத்து கெடாது. டேப்பையே பிடித்துக்கொண்டிருந்தால் முழங்கைக்குப் பின்னால் கை போய்விடும். உயரமானவர்களும் கை நீண்டவர்களும் கிட்டத்தட்ட கடைசி முனையில் பிடிப்பதும், மற்றவர்கள் சற்று முன்னே பிடிப்பதும் இதே கணக்கில்தான். மாறாமல் இருக்க வேண்டியது முன்னங்கை தொங்கும் விதம். கியூவில் கை இருக்கும் இடம் அதற்கேற்ப நகரட்டும்.

ரெஸ்ட் (எட்டாத பந்துக்குக் கியூவைத் தாங்கும் கோல்) வைத்து ஆடும்போது எல்லாமே வேறு. முழங்கை பக்கவாட்டில் போய்விடும், கியூவைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும்தான் தாங்கும். அதை இந்தப் பேச்சில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

*

நானும் ஒன்று சேர்க்கிறேன். என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்னூக்கர் பயிற்சியாளரிடம் பார்த்ததை எழுதுகிறேன். அவள் குனிந்து கியூவை ஆட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து கியூவின் பின்முனையைப் பிடித்து லேசாக இழுத்தார். கியூவோடு சேர்ந்து கையும் தோளும் பின்னால் வந்தன. "கியூ மட்டும்தான் வரணும்" என்றார், அவ்வளவுதான் விளக்கம்.

மீதியை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு வளையம் போலக் கியூவைச் சுற்றியிருக்கும், மற்ற விரல்கள் அதைத் தாங்கும். கடைப்பையைத் தூக்கி நடக்கும்போது விரல்கள் எந்த அளவுக்கு மடங்கியிருக்குமோ அந்த அளவு இறுக்கம் போதும். கியூ பின்னால் போகும்போது கடைசி விரல்கள் தாமாகத் திறந்து கொடுக்க வேண்டும். அவை இறுகியே இருந்தால் கியூவின் அடிப்பக்கத்தை மேலே தூக்கிவிடும், டிப் கீழே இறங்கும். பிறகு வெள்ளையை அடித்த வாக்கில் கை மூடிக்கொள்ளும். அந்த மூடல் ஒரு நொடிப் பிசகில் முன்கூட்டியே வந்தால் மணிக்கட்டு திரும்பி, கேட்காமலே வெள்ளைக்கு சைடு ஸ்பின் (பக்கவாட்டுச் சுழற்சி) கிடைத்துவிடும்.

பந்தைப் போடச் சொல்வதை அவர் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார். பிரவுன் பந்தின் இடத்தில் வெள்ளையை வைத்து, அதே நேர்கோட்டில் உள்ள நீலம், பிங்க், கறுப்பு இடங்களின் மேல் நேராக ஓட்டி, மேல் குஷனில் பட்டுத் திரும்பி டிப்புக்கே வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். பலரும் செய்கிற சோதனைதான். அவர் சேர்த்த நுணுக்கம் எனக்குப் பிடித்தது. போகும்போதே அந்த இடங்களை விட்டு விலகினால் நின்ற விதத்திலோ குறியிலோ கோளாறு. போகும்போது நேராகப் போய், திரும்பும்போது ஒரு பக்கம் விலகினால் சைடு விழுந்திருக்கிறது, கையைப் பார். மகள் மெதுவாக அடித்தபோது நேராக வந்தது, வேகமாக அடித்தால் வலது பக்கம் விலகியது. வேகம் வேண்டும் என்று நினைத்ததும் விரல்கள் இறுகிவிடுகின்றன. அதே தளர்வான பிடியோடு கியூவை இன்னும் பின்னுக்கு இழுத்து அடிக்கப் பழகிய பிறகுதான் வேகத்திலும் பந்து திரும்பி வந்தது.

*

கியூவையே தினம் மாற்றுகிறவர்களுக்கு மேலே மூவர் சொன்னதில் ஒன்றும் உதவாது. பொதுக் கியூவில் ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, ஒன்றில் வார்னிஷ் பிசுபிசுக்கும். விதிப்படி கியூ 914 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, மற்றபடி பெரிய கட்டுப்பாடு இல்லை. பெரும்பாலும் 57, 58 அங்குலத்தில் கிடைக்கிறது. எடையையும் அடியின் பருமனையும் கை பழகிக்கொள்ள நாளாகும். ஸ்னூக்கர் வீரர் ஸ்டீபன் ஹென்ட்ரி 1990 முதல் 1999 வரை 7 உலகப் பட்டங்களையும் சிறுவயதிலிருந்து வைத்திருந்த ஒரே கியூவில் வென்றவர். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. கடைசிக் காலத்தில் கியூவை நேராகத் தள்ள முடியாமல் கை இறுகிவிடுவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அப்பேர்ப்பட்டவருக்கே வந்ததென்றால் இதை வெறும் பதற்றம் என்று தள்ள மனம் வரவில்லை.

இன்னொன்று, கை வியர்க்கிறவர்கள் துண்டை நாற்காலியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையில் கியூ வழுக்கும் என்று பயந்தாலே பிடி இறுகும்.

*

முதலில் எழுதியவன்தான். குஷன் விஷயத்தை ஏற்கிறேன். நண்பரிடம் சொன்னேன், குஷன் ஷாட்டுக்கு நிற்கும்போதே கையை முன்னே வைத்துக்கொண்டு குனிய ஆரம்பித்திருக்கிறார். டேப் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி, விரலுக்கு அது வேறு ஒரு உறுத்தல். கியூவை இழுத்துப் பார்க்கும் வித்தையை அவரிடமும் செய்து பார்த்தேன். சுலபமான பந்துக்குக் கியூ மட்டும் வந்தது. கறுப்புக்குத் தோளும் வந்தது. பிடிக்கும் இடம் சரியாகிவிட்டது, இறுக்கம் இன்னும் பந்தின் நிறத்தைப் பார்த்து மாறுகிறது. இதைச் சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.