தூக்க ஊசி இல்லாமல் மூக்கு வழியாக ஸ்கோப்பி: 132 கிலோ எடை, ஸ்லீப் ஆப்னியா உள்ள எனக்குச் சரிவருமா?

சேலத்துக்காரன்:

வணக்கம். இந்தச் சோதனையைச் செய்துகொண்டவர்களோ, ஸ்கோப்பி அறையில் வேலை செய்பவர்களோ பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

எனக்கு வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 132 கிலோ. பிஎம்ஐ 47ஐ ஒட்டி வருகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா இருப்பதால் மூச்சுப் பாதை மூடிக்கொள்ளாமல் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் கருவியை 2 வருடமாக மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். பிபி, சுகர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. எடைக் குறைப்புக்கு, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவாகி, அதற்கு முன் ஓஜிடி ஸ்கோப்பி (உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றை கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) எடுத்து வரச் சொன்னார் சர்ஜன்.

3 வாரத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் எடுக்கப் போனேன். இடது பக்கமாகப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், சுற்றிலும் நாலு பேர். ஆக்சிஜன் அளவு 78க்கு இறங்கிவிட்டதால் பாதியிலேயே குழாயை உருவிவிட்டார்களாம். சிபாப்பைக் கொண்டு வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. குறட்டை உண்டா என்றுகூட அங்கே கேட்கவில்லை. வெளியே இருந்த என் மனைவி அன்று பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனது கலங்குகிறது.

ஊசி இல்லாமல் வாய் வழியாக எடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் பல் தேய்க்கும்போதே எனக்குக் குமட்டும். மூக்கு வழியாக எடுக்கும் முறை இருப்பதாகப் படித்தேன். ஊரில் ஓர் இடத்தில் ‘மூக்கு எண்டோஸ்கோபி’ வேண்டும் என்று கேட்டதற்கு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பி, மூக்கை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள்! வயிற்றைப் பார்க்கவே இல்லை.

குண்டாக இருப்பவர்களுக்கு இது நடக்குமா? வலிக்குமா? வாய் வழியாகப் பார்ப்பது போலவே எல்லாம் தெரியுமா?

ஸ்கோப்பி அறை சிஸ்டர்:

சார், முதலில் அந்தப் பெயர்க் குழப்பத்தைச் சொல்கிறேன். எங்களுக்கே வாரம் ஒருவராவது இப்படி மாறி வருகிறார்கள். ‘நேசல் எண்டோஸ்கோபி’ என்றால் அது காது மூக்கு தொண்டைப் பிரிவின் சோதனை. நீங்கள் கேட்க வேண்டியது ‘ட்ரான்ஸ்நேசல் ஓஜிடி’. அதுவும் புரியவில்லை என்றால் ‘அல்ட்ராதின் கேஸ்ட்ரோஸ்கோப் இருக்கிறதா’ என்று கேளுங்கள். ரிசப்ஷனில் கேட்டால் இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஸ்கோப்பி அறைக்கே போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும், உணவுக்குழாய் சுருங்கிப்போன நோயாளிகளுக்கும் பயன்படுத்த அதே சன்னமான ஸ்கோப்பைப் பல பெரிய மருத்துவமனைகள் வைத்திருக்கும். மூக்கு வழியாகச் செய்து பழகிய டாக்டர் இருக்கிறாரா என்பதுதான் அடுத்த கேள்வி.

வழக்கமான ஸ்கோப் 9, 10 மில்லிமீட்டர் இருக்கும். இது 5 முதல் 6 மில்லிமீட்டர்தான், பென்சிலைவிட ஒல்லி. நாக்கின் அடிப்பகுதியில் உரசும்போதுதான் குமட்டல் கிளம்புகிறது. மூக்கு வழியாகப் போகும் குழாய் நாக்கைத் தொடாமல் பின்பக்கமாகவே தொண்டைக்கு இறங்கிவிடும். வாயில் பல்லுக்கு நடுவே வைக்கும் வளையமும் கிடையாது. அதனால் நீங்கள் பேசலாம். ‘டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க’ என்று சொல்ல முடிவதே பாதி பயத்தைப் போக்கிவிடும்.

மயக்க மருந்து டாக்டர்:

உங்களுக்கு அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், தெரிந்திருப்பது நல்லது. எடை அதிகமாக இருக்கும்போது வயிறும் மார்பின் கனமும் நுரையீரலை அழுத்துகின்றன. மூச்சு விட்ட பிறகும் உள்ளே தங்கியிருக்கும் காற்றின் கையிருப்பு குறைவு. படுத்தால் இன்னும் குறையும். தூக்க மருந்து ஏறியதும் தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் விழுகிறது. இரவில் உங்களுக்கு நடப்பதேதான், ஆனால் மருந்தின் பிடியில் இருப்பதால் சட்டென்று விழித்து மூச்சை இழுத்துக்கொள்ள முடியாது. கையிருப்பு இல்லாத உடம்பில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிடும். ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு சிபாப் பற்றிக் கேட்காமல் ஊசி போட்டது தவறு என்றே நான் சொல்வேன்.

விழித்த நிலையில் மூக்கு வழியாகச் செய்வது உங்களைப் போன்றவருக்கு நல்ல வழி. மூச்சுப் பாதையைக் காக்கும் வேலையை உங்கள் உடம்பே செய்துகொள்கிறது. ஏதாவது மேலே எதுக்களித்து வந்தாலும் இருமித் தள்ளிவிடுவீர்கள். உட்கார்ந்த நிலையிலோ, பாதி சாய்ந்தோகூடச் செய்யலாம். அப்படியும் விரல் முனையில் ஆக்சிஜன் அளவி மாட்டியிருக்க வேண்டும்.

ஒரு வேளை மூக்கு ஒத்துவராவிட்டால் தூக்க மருந்தே கூடாது என்று அர்த்தமில்லை. மயக்கவியல் டாக்டர் உடன் இருந்து, தலைப்பக்கம் உயர்த்தி, மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்யலாம். பெரிய ஆபரேஷன் தியேட்டர் உள்ள இடமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, எடைக்காக செமாக்ளுடைட் அல்லது டிர்ஸெபடைட் வார ஊசி போடுகிறீர்களா? அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். போட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெல்லை 52:

தம்பி, நான் போன வருடம் இதே முறையில் செய்துகொண்டேன். அப்போது 118 கிலோ. பயத்தில் முந்தைய நாள் இரவு தூங்கவே இல்லை, அதனால் எனக்கு நடந்ததை விலாவாரியாக எழுதுகிறேன்.

மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தை இரண்டு துவாரத்திலும் விட்டார்கள். பிறகு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லி, தொண்டைக்கு ஸ்ப்ரே. ஒரு கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். தொண்டை வீங்கிவிட்டது போலத் தோன்றும், எச்சில் விழுங்க முடியாதது போல இருக்கும். நான் அதில்தான் அதிகம் பயந்தேன். அது மரத்துப்போன உணர்வுதான், மூச்சு சீராகவே வரும்.

குழாய் மூக்கின் நடுவே ஒரு குறுகலான இடத்தைத் தாண்டும்போது சுருக்கென்று கிள்ளுவது போல இருந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. 10 விநாடி இருக்கும். தொண்டைக்கு வந்ததும் விழுங்கச் சொன்னார். ஒரு தடவை ஓங்கரித்தேன், அவ்வளவுதான். அப்புறம் காற்று செலுத்துவார்கள், வயிறு உப்பும், ஏப்பம் வரும். முழுதும் 8 நிமிடம். திரையில் என் இரைப்பையை நானே பார்த்தேன், டாக்டர் ஒவ்வோர் இடமாகக் காட்டிச் சொன்னார். மரத்த தொண்டை சரியாகும் வரை ஒரு மணி நேரம் எதுவும் குடிக்க விடவில்லை. பிறகு தூக்க ஊசி போடாததால் நானே எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மாலையில் மூக்கைச் சிந்தியபோது கைக்குட்டையில் இரண்டு துளி ரத்தம், மறுநாள் இல்லை.

கோவை வாசகி:

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் அத்தைக்கு இப்படிச் சன்னமான ஸ்கோப்பில் பார்த்து, உள்ளே பாலிப் என்ற சதை வளர்ச்சி தெரிந்தது. அதை எடுக்க அந்தக் குழாயால் ஆகாது என்று மறுபடியும் பெரிய ஸ்கோப் போட்டார்கள். இரண்டு முறை செலவு, இரண்டு முறை பட்டினி. சோதனை முழுமையாக இருக்குமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பி அறை சிஸ்டர்:

அக்கா சொல்வது உண்மை. உள்ளே கருவி போகும் துளை வழக்கமான ஸ்கோப்பில் 2.8 மில்லிமீட்டர், இதில் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உறிஞ்சும் வேகம் குறைவு, சதைத் துணுக்கு எடுக்கும் இடுக்கியும் சின்னது. ரத்தக் கசிவை நிறுத்துவது, பெரிய பாலிப் எடுப்பது போன்ற சிகிச்சைக்கு இது உதவாது. ஆனால் சார் கேட்பது ஆபரேஷனுக்கு முன் உள்ளே பார்ப்பதற்கு. இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிச் சோதனைக்கு இந்தச் சின்னத் துணுக்கே போதும். பழைய மாடல்களில் படம் மங்கலாக இருந்தது நிஜம், இப்போது நன்றாகவே தெரிகிறது. இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள ஜப்பானில் அதைத் தேடும் சோதனையையே பல இடங்களில் மூக்கு வழியாகத்தான் செய்கிறார்கள்.

சேலத்துக்காரன்:

சிஸ்டர், டாக்டர், அண்ணாச்சி, அக்கா எல்லோருக்கும் நன்றி. வார ஊசி போடவில்லை. ஆனால் தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறேன். சின்ன வயதில் கிரிக்கெட் பந்து மூக்கில் பட்டிருக்கிறது. அது தடையாகுமா?

மயக்க மருந்து டாக்டர்:

குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தொடர்ந்தே செய்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை எதுவும் இருந்தால் நிலைமை வேறு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். பிபி மாத்திரையை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிபி ஏறியிருந்தால் மூக்கில் ரத்தம் வரும் வாய்ப்பு கூடும்.

மூக்கைப் பொறுத்தவரை, அந்தத் தவறான சோதனை ரிப்போர்ட் கையில் இருக்கிறது அல்லவா? அதில் நடுச்சுவர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். கொண்டு போங்கள், ஸ்கோப்பி டாக்டருக்கு அது பயன்படும்.

சேலத்துக்காரன்:

19 நாள் கழித்து வருகிறேன். முடிந்துவிட்டது!

ஏழு இடத்துக்குப் போன் செய்தேன். சிஸ்டர் சொன்னபடி ஸ்கோப்பி அறையையே கேட்டதில், ஐந்தாவது இடத்தில் குழந்தைகள் பிரிவில் ஸ்கோப் இருப்பதாகவும், ஒரு டாக்டர் மூக்கு வழியாகச் செய்வார் என்றும் சொன்னார்கள். மற்ற இரண்டையும் விலை கேட்டு வைத்துக்கொண்டேன். சிபாப்பைக் கையோடு எடுத்துப் போனேன், தேவைப்படவில்லை. ரிப்போர்ட்டில் நடுச்சுவர் இடது பக்கம் வளைந்திருப்பதாக இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு நேராக வலது துவாரத்திலேயே தொடங்கினார். பாதி சாய்ந்து உட்கார வைத்தார்கள். அண்ணாச்சி சொன்ன அந்தக் கிள்ளல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன், இரண்டு முறையும் நிறுத்தினார். ஆக்சிஜன் 95க்குக் கீழே போகவில்லை. என் மனைவியை அறைக்குள்ளேயே நிற்க விட்டார்கள். நான் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.

ரிசல்ட்: இரைப்பையின் மேல்பகுதி 4 செ.மீ. நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது, ஹையாட்டஸ் ஹெர்னியா என்று எழுதியிருக்கிறார்கள். உணவுக்குழாயில் சி கிரேடு புண் (ஏ முதல் டி வரை போகும் அளவில் தீவிரமான பக்கம்). ஹெச். பைலோரியும் இருக்கிறது. இத்தனைக்கும் எனக்கு நெஞ்செரிச்சல் எப்போதாவதுதான் வரும். ஸ்லீவ் செய்தால் எதுக்களிப்பு இன்னும் கூடும் என்பதால், இரைப்பையின் மேலே சிறு பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைத்து, மீதி இரைப்பையை ஒதுக்கிவிடும் பைபாஸ் பற்றிப் பேசலாம் என்கிறார் சர்ஜன். பைபாஸுக்குப் பிறகு ஒதுக்கி வைத்த இரைப்பைக்குள் சாதாரண ஸ்கோப் போக முடியாதாம், அதனால் கிருமியை முதலில் ஒழித்துவிட வேண்டும் என்று 14 நாள் மருந்து கொடுத்திருக்கிறார்.

மயக்க மருந்து டாக்டர்:

மிகவும் நிம்மதியாக இருக்கிறது. அறிகுறி இல்லாதவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு சிகிச்சையை மாற்றக்கூடிய ஏதாவது தெரிய வரலாம் என்றுதான் எடைக் குறைப்பு சர்ஜன்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்சோ 2020இல் முன்கூட்டிய ஸ்கோப்பியைப் பரிசீலிக்கச் சொன்னது. ஆபரேஷனுக்கு சிபாப்பை மறக்காமல் கொண்டு போங்கள். அன்று ஆக்சிஜன் 78க்கு இறங்கியதை அங்குள்ள மயக்கவியல் டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சேலத்துக்காரன்:

கண்டிப்பாக, டாக்டர். கடைசியாக ஒன்று: கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடியும் குழாய் விட வேண்டுமா?

ஸ்கோப்பி அறை சிஸ்டர்:

அதற்கு மட்டும் என்றால் வேண்டாம் சார். யூரியா மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ போதும். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும், அமிலம் குறைக்கும் மாத்திரையை 2 வாரத்துக்கு முன் நிறுத்தியிருக்க வேண்டும். உங்களுக்குப் புண் இருப்பதால் அந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.